நான் எழுதி, நானே இழந்த மாடி வீடு

வேலையை விட்டு ஃப்ரீலான்ஸ் காப்பிரைட்டர் ஆகிறவர்களைப் பெங்களூரில் முதலில் இன்டர்வியூ செய்வது க்ளையன்ட் இல்லை, வீட்டு ஓனர். அல்சூரில் ஒரு மாடி வீட்டைப் பார்க்கப் போனபோது எனக்கும் அதுதான் நடந்தது.

நான் தங்கியிருந்த பி.ஜி. ஹாஸ்டலை மாதக் கடைசியில் மூடப்போவதாகச் சொல்லிவிட்டார்கள். கையில் ஒரு க்ளையன்ட்கூட இல்லை. "வீடு கிடைக்கலைன்னா பேசாம வாணியம்பாடிக்கே வந்துடு, எழுதிக் கிழிச்சது போதும்" என்று அம்மா முடிவாகச் சொல்லியிருந்தாள். வீடு அமையாவிட்டால் என் தொழில் ஆரம்பிக்கும் முன்பே முடிந்துவிடும்.

ஓனர் கோவிந்தராஜ் அங்கிள் அரசு வேலையில் இருந்து ரிடையர் ஆனவர்.

"எந்தக் கம்பெனிம்மா?"

"ஃப்ரீலான்ஸ், அங்கிள். விளம்பரத்துக்கு எழுதறேன்."

"அப்போ ஐடி கார்டு?"

"இல்லை, அங்கிள்."

"கார்டே இல்லாம எப்படிம்மா வீடு குடுக்கறது? சரி விடு, வேற இடம் பாரு."

வாசலில் தொங்கிய டு-லெட் போர்டைப் பார்த்தேன். நாய் கூடாது, கறி கூடாது, பேச்சிலர் கூடாது, ஆணி அடிக்கக் கூடாது. வீடு மாதக்கணக்கில் காலியாகக் கிடக்காமல் என்ன செய்யும்? என் வாய் சும்மா இருக்கவில்லை.

"அங்கிள், இதைப் படிச்சா வர்றவங்களும் ஓடிருவாங்க. நான் வேற எழுதித் தரட்டுமா? என் வேலை என்னன்னு நீங்களே பாருங்க."

"எழுது, பார்க்கலாம்" என்றார்.

படிக்கட்டிலேயே உட்கார்ந்து போனில் ஆங்கிலத்தில் தட்டினேன். விஷயம் இதுதான்: காவேரித் தண்ணீர் தவறாமல் வரும். மெட்ரோவுக்கு நடந்தே போகலாம். காலையில் சமையலறைக்கு லைட் வேண்டாம், வெயிலே போதும். ஓனர் கறார் பேர்வழி. ஆனால் மோட்டார் நின்றால் அவரே ஸ்பானரோடு வந்து நிற்பார்.

கடைசி வரியில் அங்கிள் சிரித்துவிட்டார். உடனே அதை வாடகை சைட்டில் ஏற்றினோம். எனக்குத் தலைகால் புரியவில்லை. வீடு நமக்குத்தான் என்று திரைச்சீலையின் நிறம்வரை முடிவு செய்துகொண்டே திரும்பினேன்.

மறுநாள் போனால் வாசலில் செருப்புக் குவியல். வைட்ஃபீல்டில் வேலை பார்க்கும் ஒரு தம்பதி, "அந்த மோட்டார் லைனைப் படிச்சிட்டுத்தான் ஓடி வந்தோம்" என்று என்னிடமே சொன்னார்கள். அங்கிளுக்குப் போனைக் காதிலிருந்து எடுக்க நேரமில்லை. "உன் எழுத்துல என்னமோ இருக்கும்மா" என்று என்னைப் பாராட்டிக்கொண்டே வீட்டை அவர்களுக்குப் பேசி முடித்துவிட்டார்.

வயிறு எரிந்தது. அதே சமயம் நடுத்தெருவில் குதிக்க வேண்டும் போலவும் இருந்தது. முன்பின் தெரியாதவர்கள் என் நாலு வரியைப் படித்துவிட்டு இத்தனை டிராஃபிக்கைத் தாண்டி வந்திருக்கிறார்களே. சந்தோஷத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கூட்டத்தைப் பார்த்து, பக்கத்துத் தெருவிலிருந்து அங்கிளின் தங்கை சரோஜா ஆன்ட்டி வந்தார். தோசை மாவு பாக்கெட் போட்டு அபார்ட்மென்ட்களுக்கு விற்பவர்.

"இத்தனை பேரை வர வெச்சது நீதானா? என் மாவுக்கும் ரெண்டு வரி எழுதிக் குடேன்."

பழக்கதோஷத்தில் போனை எடுத்துவிட்டேன். பிறகு அதைப் பைக்குள் போட்டேன்.

"மாசாமாசம் எழுதறேன், ஆன்ட்டி. அதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம். ஒண்ணு, என் ஃபீஸ். இன்னொண்ணு, மாசக் கடைசிக்குள்ள எனக்கு ஒரு வீடு வேணும்."

ஆன்ட்டி அண்ணனைப் பார்த்தார். "என் மாடி ரூம் பூட்டித்தான் கிடக்கு. பொண்ணு எப்படிண்ணா?"

"நம்ம பொண்ணும்மா. நான் பொறுப்பு" என்றார், முந்தின நாள் என்னை வேறு இடம் பார்க்கச் சொன்ன அங்கிள்.

சாவி கைக்கு வந்த பிறகுதான் மாவைப் பற்றி முதல் வரி எழுதினேன். அம்மாவிடம் போனில் எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மாவு ஓசியா குடுப்பாங்களாடி?" என்றாள்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். திறமையைக் காட்ட நாலு வரி எழுதிக் கொடுங்கள், தப்பில்லை. ஆனால் உங்களுக்கு என்ன வேண்டும் என்பதை எழுதுவதற்கு முன்பே வாய்விட்டுக் கேட்டுவிடுங்கள். நன்றாக எழுதிவிட்டால் நீங்கள் கேட்க நினைத்ததை வேறு யாராவது வந்து எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.