உம்மு ஸல்மா வைத்த ஐஸ்

வடக்குத் தீவுக் கிராமமான எருக்கலம்பிட்டியில் உம்மு ஸல்மாவைத் தெரியாதவர்கள் இல்லை. தொண்ணூறில் ஆயுதக்காரர் வடக்கு முஸ்லிம்களை விரட்டியபோது ஊரைவிட்டுப் போய், புத்தளத்து அகதி முகாமில் இருபத்திரண்டு வருடம் ஓலைக் கொட்டிலுக்குள் காலம் தள்ளியவள். ஊர் திரும்பலாம் என்றதும் முதல் ஆளாகச் சட்டி பானையோடு வந்து இறங்கியவள். பற்றை மண்டிக் கிடந்த சொந்த வளவில் தகரக் கொட்டில் போட்டுக்கொண்டு, "இனி என்னை ஆரும் அசைக்கேலாது" என்றாள். சொன்னபடியே அசையாமல்தான் இருந்தாள். அதுதான் பிறகு வினையாகப் போனது.

ஊர் திரும்பியவர்களுக்குக் கல்வீடு கட்டிக் கொடுக்கும் வீட்டுத்திட்டப் பட்டியலில் அவள் பெயர் இருந்தது. ஆனால் பார்வையிட வருகிற உத்தியோகத்தர்களுக்கு ஒரு சந்தேகம் எப்போதும் உண்டு. இந்த ஆட்கள் உண்மையில் இங்கேதான் குடியிருக்கிறார்களா, இல்லை புத்தளத்தில் இருந்துகொண்டு பெயரை மட்டும் இங்கே பதிந்திருக்கிறார்களா? சொல்லாமல் கொள்ளாமல் வருவார்கள். கதவு பூட்டியிருந்தால் பெயர் வெட்டு. பக்கத்து வளவுப் பாத்தும்மா மகளின் பிள்ளைப்பேற்றுக்குப் போய் இரண்டு கிழமை நின்றதில் அவள் பெயர் பறிபோனது. அன்றிலிருந்து உம்மு ஸல்மா கல்யாண வீட்டுக்குப் போனாலும் சாப்பிட்ட கை காயுமுன் வீட்டுக்கு ஓடிவந்துவிடுவாள்.

அந்த நாட்களில்தான் இடது மார்பில் ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. புளியங்கொட்டை அளவு. நோவு இல்லை. அவளுடைய சாச்சி ஒருத்தி இப்படி ஒரு கட்டியோடு மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போய் ஏழு மாதம் அங்கேயே கிடந்தாள். உம்மு ஸல்மாவுக்கு உயிர்ப் பயம் பிறகுதான் வந்தது. முதலில் கண்ணுக்குள் வந்து நின்றது ஏழு மாதம் பூட்டிக் கிடக்கப்போகும் கதவு. புருசன் சாஹுல் ஹமீட் அவளைத் தனியே அனுப்புகிற ஆளில்லை. இரண்டு பேரும் போனால் கொட்டிலுக்கு யார்? வாயைத் திறக்காமல் மூன்று மாதம் இருந்துவிட்டாள்.

அப்போது மார்புப் புற்றுநோயைத் தேடி ஓர் ஆராய்ச்சிக் குழு வெப்பக் கமராவோடு ஊருக்கு வந்தது. தொடாது, அமத்தாது, தோலின் சூட்டை மட்டும் படம் பிடிக்கும். சூடான இடம் சிவப்பு, குளிர்ந்த இடம் நீலம். உள்ளே பெண்கள் மட்டும்தான் என்றதும் நாற்பது தாண்டியவர்கள் எல்லாரும் பெயர் கொடுத்தார்கள். இவள் போகாமல் விட்டால் ஊர்வாய் சும்மா இருக்குமா? இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். இயந்திரமே ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டால் தானும் அதை நம்பிவிடலாம் என்று அவளுக்கு ஓர் ஆசை. பயந்த மனசு என்னென்ன கள்ள வேலையெல்லாம் செய்யும்!

சிவப்பைத்தானே தேடுகிறார்கள், நீலமாக்கிவிட்டால்? சாஹுல் ஹமீட் மீன் வியாபாரி. அந்த வீட்டில் எதற்குப் பஞ்சமானாலும் ஐஸுக்குப் பஞ்சமில்லை. மீன் பெட்டியில் ஒரு துண்டை உடைத்துத் துவாயில் சுற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டு புறப்பட்டாள்.

"பதினைஞ்சு நிமிசம் ஃபேனுக்குக் கீழ இருங்கோ அம்மா. வெயில் சூடு இறங்கட்டும்" என்று பருத்தித் துணியொன்றைப் போர்த்திவிட்டுப் போனாள் டொக்டர் சிவதர்சினி, பெருநிலப்பரப்புக் கிராமமொன்றைச் சேர்ந்த இளம் பெண். அந்தப் பதினைந்து நிமிடமும் உம்மு ஸல்மா துணிக்குள் ஐஸை அமத்திக்கொண்டு பல்லைக் கடித்தபடி இருந்தாள். கூப்பிட்டதும் மிச்சத்தைப் பைக்குள் தள்ளினாள்.

திரையில் வலப்பக்கம் மஞ்சளும் பச்சையுமாக இருந்தது. இடப்பக்கம் ஒரே கடும் நீலம். அந்த நீலத்துக்கு நடுவில், பெருவிரல் பதித்ததுபோல, ஒரு சிவப்பு.

சிவதர்சினி படத்தைப் பார்த்தாள். பிறகு கதிரையில் இருந்து சொட்டிக்கொண்டிருந்த கைப்பையைப் பார்த்தாள்.

"ஐஸ் வச்சனீங்களோ அம்மா? அறையெல்லாம் மீன் மணக்குது."

உம்மு ஸல்மா பையை எடுத்து முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள்.

"குளிர் பட்டா மற்ற இடத்து ரத்தக் குழாய் சுருங்கிப்போடும். இந்த இடம் மட்டும் சுருங்கேல்ல. இப்பிடித் தெரியட்டும் எண்டு நாங்களே சில பேருக்குக் குளிர வச்சுப் பாக்கிறனாங்கள்."

"அப்ப, புற்றுநோயோ மகள்?"

"இந்தப் படத்தை மட்டும் வச்சு ஓம் எண்டும் சொல்லேலாது, இல்லை எண்டும் சொல்லேலாது. மெமோகிராம் எடுக்கவேணும், ஊசியால குத்தி எடுத்துச் சோதிக்கவேணும். கை வச்சுப் பாக்கட்டோ?"

உம்மு ஸல்மா அந்தப் பிள்ளையின் கையைத் தானே பிடித்துக் கட்டியின் மேல் வைத்தாள். வைத்ததும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. மூன்று மாதத்தில் அந்தக் கட்டியைத் தொட்ட முதல் அயல் கை அது.

வீட்டில் சாஹுல் ஹமீட் மீன் பெட்டி கழுவிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அப்படியே ஈர மண்ணில் குந்திவிட்டார்.

"நான் போனா வீடு போயிடும் மச்சான்" என்றாள் அவள்.

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "தொண்ணூறில கல்வீட்டை விட்டன், தோணியை விட்டன், உன்னை மட்டும் கையில பிடிச்சுக்கொண்டு போனன். அண்டைக்கு விட்டது மாளிகை. இண்டைக்கு இந்தத் தகரத்துக்கு நீ உன்னைக் குடுக்கப் பாக்கிறியா?"

அவள் இருபத்திரண்டு வருடமாக விட்டு வந்ததை மட்டுமே நினைத்திருந்தாள். கொண்டு வந்ததை அவர் நினைத்திருந்தார்.

மறுநாள் காலை பஸ்ஸுக்கு முன் கதவை அவளே பூட்டினாள். சாஹுல் ஹமீட் ஒரு கரித்துண்டை எடுத்துத் தகரக் கதவில் பெரிதாக எழுதினார்: 'ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறோம். திரும்பி வருவோம்.'

தொண்ணூறில் இப்படி எழுதிவிட்டுப் போக யாரும் நேரம் கொடுக்கவில்லை. உம்மு ஸல்மா இரண்டு தரம் வாசித்துப் பார்த்தாள். பிறகு கரியை அவர் கையிலிருந்து வாங்கி, கீழே தன் பெயரை எழுதினாள்.