மறைவட்ட அதிபர் படித்த நோட்டு

காலை ஒன்பது மணி இருபது நிமிடம். ஜீப்பிலிருந்து முதலில் இறங்கியது முத்திரைகள் வைத்த ஒரு தகரப் பெட்டி. அதன் பின்னால் மறைவட்ட அதிபர் இறங்கினார். மடிப்புக் கலையாத வெள்ளை அங்கி, பையில் சிவப்புப் பேனா. ஆயருக்குக் கீழே எங்கள் பக்கத்துப் பங்குக் கோயில்களுக்கெல்லாம் அவர்தான் மேற்பார்வை. ஆண்டுக்கு ஒருமுறை வந்து ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் என எல்லாப் பதிவேடுகளையும் பார்ப்பார். போன மாதம் இறந்துபோனார். நினைவு மலருக்கு எழுதித் தரச் சொல்லிக் கேட்கிறார்கள். என்னிடம் இருப்பது அந்த ஒரு காலைதான்.

எங்கள் ஊர், மண்டபம் டவுனுக்குப் பக்கத்தில் கடலோரம். சித்தப்பா போன வள்ளம் கவிழ்ந்து அப்போது ஒன்பது வருடம். கூடப் போன இருவர் நீந்திக் கரை சேர்ந்தார்கள். அவர் அமிழ்ந்ததைக் கண்ணால் பார்த்தவர்கள். உடல் கிடைக்கவில்லை. அதனால் அடக்கப் பதிவேட்டில் பெயர் இல்லை; பெயர் ஏறாதவரை சித்தி மறுமணம் செய்ய முடியாது. ஐஸ் கம்பெனியில் வேலை பார்த்த, மனைவியை இழந்த ஒருவர் சித்தியைக் கட்டிக்கொள்ளக் கேட்டிருந்தார். சித்திக்கும் சம்மதம். சித்தப்பா இறந்துவிட்டார் என்று அதிபர் எழுதினால் ஆயர் அனுமதி தருவார்.

சாட்சிக்கு அந்த இருவரும் வந்து நின்றார்கள்; சித்தியும் அவர் மாமியாரும் கூட இருந்தார்கள். அதிபர் அவர்களைப் பார்க்கவில்லை. யாருக்காகப் பூசை வைக்க வேண்டும் என்று மக்கள் எழுதிவைக்கும் பூசைக் கருத்து நோட்டைப் புரட்டினார். உடல் கரை ஒதுங்காதவருக்கு, பெற்றவள் இருக்கும்வரை, எங்கள் ஊரில் செத்தவர்களுக்கு வைக்கும் ஆன்ம இளைப்பாற்றிப் பூசை கேட்பதில்லை. 'சுகமாய்க் கரை திரும்ப' என்றுதான் எழுதுவார்கள். சித்தியின் மாமியார் மாதத்தின் முதல் வெள்ளிதோறும் அப்படியே எழுதவைத்திருந்தார்.

"பெத்த தாயே உசுரோட இருக்கான்னு பூசை கேக்குறாங்க. நான் எப்படிச் செத்துட்டான்னு எழுதுறது?"

"அது மனசு ஆறட்டும்னு எழுதுறது சாமி. அவன் போயிட்டான்னு எனக்குத் தெரியாதா? இவளாச்சும் ஒரு வீட்டுல போயி நல்லா இருக்கட்டும்."

"அப்ப ஒன்பது வருசமா பீடத்துல பொய் சொன்னீங்களா?"

மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். சித்தி முன்னால் வந்தார்.

"அவரு உசுரோட இருக்காருன்னா எங்கன இருக்காருன்னு சொல்லுங்க சாமி. நானே போயிக் கூட்டிட்டு வாரேன்."

சாட்சிகளில் ஒருவர் சிரித்துவிட்டார். அதிபர் "விசாரணை தேவை" என்று சிவப்பில் எழுதி, முத்திரை குத்தி, சாப்பிடப் போனார். விசாரணைக்கு யாரும் வரவில்லை. அப்போது நான் மதுரையில் நிருபர்; லீவில் ஊருக்கு வந்திருந்தேன். அதிபர் வருகை பற்றி மூன்று வரிச் செய்தி அனுப்பினேன். அதில் இது இல்லை.

மலரில் அவரைக் கண்டிப்பானவர் என்று எழுதுவார்கள். கண்டிப்பானவர் அந்த இருவரையும் விசாரித்திருக்க வேண்டும். மேசையிலிருந்து நாலடி தூரத்தில்தான் நின்றார்கள். கண்ணால் கண்டவர்களை விட்டுவிட்டு ஒரு தாயின் ஆசையைச் சாட்சியமாக எடுத்துக்கொண்டார். அவருக்கு வழக்கம் தெரியாது என்று சமாதானம் எழுத முடியாது. எங்களுக்கு மூன்றாவது ஊரில், இதே கடற்கரையில் பிறந்தவர் அவர்.

ஐஸ் கம்பெனிக்காரர் இரண்டு வருடம் காத்திருந்துவிட்டு உச்சிப்புளியில் பெண் எடுத்தார். பல வருடம் கழித்துப் புதிய அதிபர் வந்தார். அந்த இருவரையும் கூப்பிட்டுக் கேட்டார். பத்து நிமிடத்தில் சித்தப்பா இறந்துவிட்டார் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அன்று சித்திக்கு நாற்பத்தாறு வயது.