அடிபம்படியில் சொல்லாத செய்தி

எங்கள் மேடவாக்கம் குடியிருப்புக்கு இன்று வந்த லாரித் தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் வாடை தூக்கலாக இருந்தது. சிட்லபாக்கத்தில் நாங்கள் முன்பு குடியிருந்த தெருவின் முனையில் இருந்த, பிறகு இல்லாமல் போன அடிபம்பு நினைவுக்கு வந்தது. அப்போது எனக்கு ஒன்பது வயது. விடிந்ததும் குடங்களை வரிசையில் வைத்துவிட்டு, யாருக்குக் கல்யாணம், எந்தக் கடையில் நல்ல அரிசி என்று பெண்கள் ஓயாமல் பேசுவார்கள். அந்த மழைக்காலத்தில் பேச்செல்லாம் மஞ்சள் காமாலைதான்.

"காமாலை வந்த வூட்டுக் கொடத்த இங்க வைக்கவே வுடக்கூடாதுக்கா," என்றாள் பூ விற்கும் கன்னியம்மா.

அம்மாவும் தலையாட்டினாள். என் தம்பியின் கண்கள் மஞ்சளாகி மூன்று நாளாகியிருந்தது. யாரிடமும் சொல்லக்கூடாது என்று எனக்குக் கண்டிப்பான உத்தரவு. யாராவது கேட்டுவிடுவார்களோ என்ற பயத்தில் அம்மாவின் புடவையை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பக்கத்து வீட்டு நூர்ஜஹான் அக்கா கேட்டேவிட்டார்: "உன் தம்பி எங்கம்மா, ஆளையே காணோம்?"

நான் அழுதுவிட்டேன். பம்பு அடிக்கும் சத்தம் நின்றது.

"எத்தினி நாளா கீது? எங்ககிட்ட சொல்றதுக்கு இன்னாக்கா?" என்று அம்மாவிடம் கேட்டபடி, கன்னியம்மா எங்கள் குடத்தை முதலில் வைத்து அடித்தாள். நூர்ஜஹான் அக்கா தம்பியைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் கூடவே வந்தார். மூன்று வாரத்தில் அவன் தேறிவிட்டான்.

ஆனால் அன்று, குடம் நிரம்பி வழிந்தும் அம்மா அதை எடுக்கவில்லை. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு நின்றாள்.