புலியின் காதில் ஒரு சொட்டு

இன்று ஆட்டுக்கு ஊசி போடத் திருவையாறு மாட்டாஸ்பத்திரிக்குப் போனேன். அங்குள்ள டாக்டரம்மா முன்பு மிருகக்காட்சிசாலையில் வேலை பார்த்தவராம்.

“திடீர்னு ஒரு புலி செத்துப்போச்சு பாட்டி. மூக்குல கறுப்பா ரத்தம். நாங்க அறுக்கவே இல்ல. காதுல ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தோம், அடைப்பான் நோய், அதான் ஆந்த்ராக்ஸ். அறுத்திருந்தா எங்களுக்கும் வந்திருக்கும்.”



முப்பது வருஷத்துக்கு முன் என் செவலைப் பசுவும் அப்படித்தான் செத்தது. தோலுரிக்கக் கத்தியோடு நின்ற என் வீட்டுக்காரரைத் தடுத்துச் சுண்ணாம்பு கொட்டிப் புதைக்கவைத்தார் ஒரு டாக்டர். “செத்த மாட்டுக்குக் காதுல ஊசி குத்துன கிறுக்கன்” என்று முப்பது வருஷம் அவரைத் திட்டினேன்.

என் வீட்டுக்காரர் இதோ, நாற்றங்காலில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருக்கிறார்.

அந்த டாக்டர் இருக்குமிடம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கும்பிட வேண்டும். அன்றைக்கு நான் கொடுத்த மோரைக் குடிக்காமல் போனது ஏன் என்று மட்டும் நேரில் கேட்டுக்கொள்கிறேன்.