வாப்பாவைக் குருவி பார்க்கக் கூட்டிப்போன நாள்

எனக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது நானும் உம்மாவும் சேர்ந்து வாப்பாவை ஏமாற்றினோம். சின்ன ஏமாற்று அல்ல. சவளக்கடையில் எங்கள் வீட்டு வாசலில் தொடங்கி, சதுப்புக்குக் குறுக்கே போகும் கிட்டங்கித் தாம்போதியைக் கடந்து, கல்முனைக் கடற்கரை வரைக்கும் அந்த மனிதரைக் கொளுத்தும் வெயிலில் நடக்கவைத்த ஏமாற்று. அதில் பெரும்பங்கு என்னுடையது என்றுதான் வெகுகாலம் நம்பியிருந்தேன்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். அதற்கு முந்திய வருடம் எனக்குக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனது, போகும்போது என் கால்களின் பலத்தையும் கூட்டிக்கொண்டு போனது. மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் கிழமைக்கணக்கில் கிடந்தேன். ஜன்னலோரக் கட்டில், பார்க்க வருகிறவர்கள் எல்லோர் கையிலும் பிஸ்கட், பள்ளிக்கூடம் இல்லை. எனக்கென்ன குறை? நான் எழும்பி நடப்பேனா என்ற பயமெல்லாம் பெரியவர்களுடையது. அந்தக் கட்டிலடியில் இருந்துகொண்டு உம்மா ஒரு நேர்ச்சை வைத்திருக்கிறார். கால் சுகமாகி நான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு ஒருநாள் குசினிக்குள் அடுப்படியில் வைத்து அதை என் காதில் போட்டார்.

"நீ எழும்பி நடந்தியெண்டா, கடக்கரப் பள்ளிக் கொடியேத்தத்துக்கு உன்ட காலாலயே நடந்து வருவாய் எண்டு நேந்தன் மகள். ஒரு அடி கூட ஆரும் தூக்கப்படா. வாகனத்திலயும் ஏறப்படா."

கல்முனைக் கடற்கரைப் பள்ளிவாசலில் வருடம் ஒருமுறை கொடி ஏறும். மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு அது ஏறுவதைப் பார்க்கச் சுற்றியுள்ள ஊர்ச் சனமெல்லாம் கடற்கரையில் திரளும். எங்கள் வீட்டிலோ இரண்டு வருடமாக அந்தப் பேச்சே இல்லை. காரணம் வாப்பா. கணக்குப் படிப்பிக்கிற வாத்தியார் அவர். அவரும் அவருடைய தம்பியான சாச்சாவும் சேர்ந்து, கொடி, கந்தூரி, நேர்ச்சை எதுவும் மார்க்கத்தில் இல்லை என்று வீடு வீடாகப் போய்ச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். "கேக்கிறத அல்லாட்ட நேராக் கேளுங்க. இடையில கொடி என்னத்துக்கு?" என்பது வாப்பாவின் வசனம். அப்படிப்பட்டவரின் பெண்சாதியும் பிள்ளையும் கொடிக்கு நடந்து போனால், ஊருக்குத்தான் உபதேசம் என்று சனம் சிரிக்காதா? உம்மா அந்தக் கிழமை முழுக்கச் சோற்றைப் பிசைந்தபடி இருந்தார், சாப்பிடவில்லை.

கொடியேற்றத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது வாப்பாவே வாயைத் திறந்தார். "டொக்டர் இவள நல்லா நடக்கச் சொன்னவர்தானே. நாளையிண்டைக்குக் கிட்டங்கியால நடந்து கடலுக்குப் போவமா? குருவியெல்லாம் வந்து நிக்குதாம்."

நாளையிண்டைக்கு! உம்மாவின் கை சோற்றுக்குள்ளேயே நின்றுவிட்டது. பிறகு என்னைக் குசினிக்கு இழுத்துப்போய், "அல்லா வழி காட்டிட்டான். வாப்பாக்கு மட்டும் சொல்லிராத" என்றார். பாதை எங்கே போகிறது என்று யோசிக்க விடாமல் வாப்பாவின் கண்ணைக் குருவிகளின் மேலேயே வைத்திருப்பது என் வேலை என்று நானே முடிவு செய்தேன்.

மத்தியான லுஹர் தொழுத கையோடு புறப்பட்டோம். அந்த வெயிலில் மூளையுள்ள எந்தக் குருவியும் வெளியே நிற்காது என்பது எனக்குத் தெரியாது. ஆனாலும் கிட்டங்கியை நெருங்கினதும் என் சந்தோசத்துக்கு அளவில்லை. மாரி வெள்ளம் அப்போதுதான் தாம்போதியை விட்டு இறங்கியிருந்தது. இரண்டு பக்கமும் கண்ணுக்கெட்டிய தூரத்துக்குச் சதுப்பு. ஆற்றுவாழை ஊதாவாகப் பூத்திருந்தது, அதற்கிடையில் ஆம்பல், அதற்கங்கால் ஆளுயரத்துக்குப் புல். ஆஸ்பத்திரிக்கு வான் வண்டியில் படுத்தபடி போனபோது இந்த இடத்தில் வானத்தை மட்டும்தான் கண்டிருந்தேன். இப்போது என் காலுக்குக் கீழே தாம்போதி சுட்டது, அந்தச் சூடுகூட நன்றாக இருந்தது. உம்மா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்திருந்தார். "சேத்துக்க செருப்பு வழுக்கும்" என்று சொல்லி, காய்ந்த ரோட்டில் வாப்பாவும் கழற்றிக்கொண்டார்.

"வாப்பா, அங்க பாருங்க! அது என்ன குருவி?"

"கொக்கு."

"அந்தா, கறுப்பா நிக்கிறது?"

"அதுவும் கொக்குதான் மகள். பதினேழு நிக்குது."

அவருக்குப் பெயர் வராது, எண்ணிக்கை வரும். நீர்க்காகம், நீலக்கோழி, கூழைக்கடா எல்லாம் அன்றைக்குக் கொக்காகி அவருடைய கணக்கில் சேர்ந்தன.

தாம்போதியின் நடுவில் மோட்டார் சைக்கிள்கள் குவிந்து நின்றன. யானை! புல்லுக்குள் ஐந்து யானைகள், ஒரு குட்டி. குட்டி தும்பிக்கையால் ஆற்றுவாழையைப் பிடுங்கித் தன் தலையிலேயே போட்டுக்கொண்டது. சனம் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கத்தியது, நானும் கத்தினேன். கொடி, நேர்ச்சை, ரகசியம் எல்லாம் எனக்கு மறந்துபோயிற்று. மறக்காதவர் போல என் கையைப் பிடித்து இழுத்தவர் வாப்பாதான்.

"கெதியா நட மகள். யானைய நாளைக்கும் பாக்கலாம். சுணங்கிருவம்."

குருவி பார்க்கவென்று வந்த மனிதர் யானையைப் பார்க்க நிற்கவில்லை! வாப்பாவுக்கு யானை என்றால் பயம் என்று கண்டுபிடித்து, வெளியில் சொல்லி அவரை வெட்கப்படுத்தக்கூடாது என்று மனதுக்குள் பூட்டிக்கொண்டேன்.

தாம்போதி தாண்டியதும் ஒரு ஆட்டோ எங்களருகில் வந்து நின்றது. உள்ளே சாச்சா. மூத்தவரான வாப்பாவை அவர் காக்கா என்றுதான் கூப்பிடுவார்.

"என்ன காக்கா, இந்த வெயிலுக்க? ஏறுங்க, நான் டவுனுக்குத்தான் போறன்."

"நீ போ. நாங்க குருவி பாக்கிறம்."

சாச்சா தலையை வெளியே நீட்டி வானத்தைப் பார்த்தார். ஒரு ஈ கூட இல்லை. "குருவியா?"

"ஓம். புள்ளைக்குப் பாடம்."

"சரி. கடக்கரப் பக்கம் மட்டும் போயிராதீங்க. இண்டைக்கு அங்க கொடி, ரோட்டெல்லாம் சனம்."

எனக்கு உயிர் போய்விட்டது. இத்தனை தூரம் பொத்திப்பொத்திக் கொண்டுவந்ததை இந்த சாச்சா ஒரு வாயில் போட்டு உடைத்துவிட்டாரே! உம்மா தலையில் சீலையை இழுத்துவிட்டுக்கொண்டு நிலத்தைப் பார்த்தார். "அப்படியா? இண்டைக்கா?" என்றார் வாப்பா. இனி என்னை விட்டால் ஆளில்லை. "வாப்பா! மீன்கொத்தி! மீன்கொத்தி!" என்று ஊரே கேட்கக் கத்தினேன். ஆட்டோ போனது. "எங்க மகள்?" என்று வாப்பா வயலெல்லாம் தேடினார், இல்லாத மீன்கொத்தியைக் கனநேரம் பார்த்து, "ஓம், நல்ல வடிவு" என்றார். பிறகு கொடியைப் பற்றி அவர் மூச்சுவிடவில்லை. என் மீன்கொத்தி அந்தச் செய்தியை அவர் மண்டையிலிருந்து அடித்துப்போட்டுவிட்டது என்று எனக்கு ஒரே பெருமை.

டவுனை நெருங்கும்போது என் கால்கள் கெஞ்சத் தொடங்கின. முழங்காலுக்குக் கீழே நடுங்கியது. பிடிவாதக்காரியான எனக்கே ஏலாமல் போயிற்று.

"வாப்பா, தூக்குங்க."

கேட்காமலே தூக்குகிறவர் அவர். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள்முதல் கிணற்றடிக்குக்கூட என்னைத் தோளில்தான் கொண்டுபோவார். அன்றைக்குக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"இல்ல மகள். நட."

"கால் நோகுது வாப்பா."

"நோகட்டும். கொஞ்சத் தூரம்தான். இருந்திட்டு நட."

அழுதேன். உம்மா தூக்காததற்குக் காரணம் தெரியும், வாப்பாவுக்கு என்ன வந்தது? கல்நெஞ்சன் என்று மனதுக்குள் ஏசினேன். மதிலோரம் குந்தி இருந்து, எழும்பி, பத்து அடி நடந்து, மறுபடி இருந்தேன். நான் இருக்கும்போதெல்லாம் அவரும் மண்ணில் குந்தினார். நான் எழும்பும்போது அவருடைய கைகள் என்னைத் தொடாமல் இரண்டு பக்கமும் விரிந்து நின்றன.

அஸர் பாங்கு கேட்டதும் வழியிலிருந்த பள்ளியில் இருவரும் தொழப் போனார்கள். அவ்வளவு கெதியாக வாப்பா தொழுதுவிட்டு வெளியே வந்ததை அதற்கு முன் நான் கண்டதே இல்லை.

கடற்கரைத் தெருவில் சனம் ஆறாக ஓடியது. ஊதுபத்தி வாசம், மிட்டாய்க் கடைகள், பலூன், ஒலிபெருக்கியில் ஸலவாத்து. வாப்பா நின்றார். "நான் தோணிப் பக்கம் நிக்கிறன். வளையல் கிளையல் பாக்கிறதெண்டா பாத்துட்டு வாங்க" என்று சொல்லி, கடலைப் பார்த்தபடி நேரே போய்விட்டார். இத்தனை சனத்தைக் கண்டும் அவருக்கு ஒன்றும் விளங்கவில்லையே! சந்தோசத்தில் என் கால்நோவு பறந்துவிட்டது.

சனத்துக்குள் புகுந்து பள்ளி வாசலுக்குப் போகவும் கொடி அசையவும் சரியாக இருந்தது. அது கம்பத்தில் ஏற ஏற ஒரு சத்தம் எழும்பியது பாருங்கள், மயிரெல்லாம் சிலிர்த்தது. நான் துள்ளித்துள்ளிக் கத்தினேன். உம்மா மட்டும் கொடியை ஒருதரம்தான் பார்த்தார். பிறகு குனிந்து, புழுதி அப்பிய என் கால்களைப் பிடித்துக்கொண்டு விம்மி விம்மி அழுதார்.

திரும்பி வந்தபோது வாப்பா சொன்ன இடத்திலேயே, பள்ளிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். எங்களைக் கண்டதும் உம்மாவிடம் மெதுவாகக் கேட்டார்.

"முடிஞ்சா?"

"ஓம். முடிஞ்சிட்டு."

வளையல் வாங்கி முடிந்ததா என்று கேட்கிறார் என நினைத்தேன். உம்மாவின் இரண்டு கையும் வெறுங்கையாக இருந்ததை அவர் கவனிக்காதது எங்கள் அதிர்ஷ்டம்.

வாப்பா என் முன்னால் குந்தினார். "வா மகள். இனித் தூக்கலாம்."

கோபத்தை மறந்து தோளில் ஏறினேன். அவர் எழும்பினதும் சனத்துக்கு மேலால் கொடி காற்றில் அடிப்பது எனக்கு நன்றாகத் தெரிந்தது. இவ்வளவு பாடுபட்டுக் கொண்டுவந்து கடைசி நேரத்தில் மாட்டிக்கொள்வதா? அவர் திரும்பிப் பார்த்துவிடக்கூடாதே என்று, பஸ் எடுக்கும் சந்தி வரைக்கும் அவருடைய தலையை இரண்டு கையாலும் இறுக்கி மறுபக்கமாகவே பிடித்துக்கொண்டேன். கழுத்து நோகும் அளவுக்குப் பிடித்திருப்பேன், அவர் ஒரு வார்த்தை சொல்லாமல் பிடிக்க விட்டார்.