ஐஸ் கம்பெனியும் ஆபரேட்டிங் சிஸ்டமும்

எந்த மகராசன் எழுதினானோ, அந்தப் புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே எனக்கு வயிற்றெரிச்சல் ஆரம்பித்துவிட்டது. அட்டையில் 'புதிதாகக் கற்பவர்களுக்கு' என்று இங்கிலீஷில் போட்டிருந்தது. முதல் வரி, தடையில்லாத மின்சாரம் இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளவும். இரண்டாவது வரி, இயந்திரத்தை இயக்கவும். அந்த இரண்டு வரிகளுக்கும் நடுவில் ஒரு மனுஷன் நொந்து நூலாகிவிடலாம் என்பது எழுதினவனுக்குத் தெரியாது. பழவேற்காட்டுப் பக்கம் ஒரு வாரம் வந்து தங்கியிருந்தால் தெரிந்திருக்கும்.

எண்பதுகளின் கடைசி அது. பழவேற்காட்டை ஒட்டிய எங்கள் குப்பத்தில் மீனவர் சங்கத்துக்கு ஒரு ஆபீஸ் இருந்தது. மெட்ராஸிலிருந்து அங்கே ஒரு பெட்டியை அனுப்பினார்கள். சர்வர் என்றார்கள். எல்லாம் அந்த ஒரு பெட்டிக்குள் இருக்கும், அதிலிருந்து ஒயர் இழுத்து திரையும் விசைப்பலகையுமாக இரண்டு டெர்மினல் வைத்தால் இரண்டு பேர் ஒரே நேரத்தில் வேலை பார்க்கலாம் என்றார்கள். ஆனால் வந்தது வெறும் பெட்டி. ஆபரேட்டிங் சிஸ்டத்தை நாம்தான் அதற்குள் ஏற்ற வேண்டும். அது நமத்துப்போன அப்பளம் மாதிரி வளைகிற ஃபிளாப்பிகளில் ஒரு கட்டாக வந்திருந்தது, கூடவே அந்தப் புத்தகமும்.

ஏற்ற வேண்டிய ஆள் நான். பொன்னேரியில் கம்ப்யூட்டர் வகுப்புக்குக் கொஞ்ச நாள் போயிருந்தேன் என்பதுதான் என் தகுதி. வேலை தற்காலிகம். மெட்ராஸ் ஆபீசர் கறாராகச் சொல்லிவிட்டார். மாசக் கடைசியில் வந்து பார்ப்பாராம். ஓடிக்கொண்டிருந்தால் வேலை நிரந்தரம். ஓடவில்லை என்றால் பெட்டி வேறு சங்கத்துக்குப் போகும், நான் வீட்டுக்குப் போகலாம்.

வீட்டுக்குப் போய் என்ன செய்வது? எனக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. மீனவன் வீட்டில் பிறந்து, படகில் ஏறினால் குடலே வெளியே வந்துவிடுகிற ஜாதகம் என்னுடையது. ஏரியில்கூட முகத்துவாரம் தாண்டுவதற்குள் கவிழ்ந்து படுத்துவிடுவேன். ஊரே சிரித்தது. என் நைனா மட்டும் சிரிக்கவில்லை. இளைப்பு நோயோடு அவர் ஒருவரே வலைக்குப் போய் என்னைப் பன்னிரண்டாவது வரை படிக்க வைத்தார். கடைசியில் அவருக்கே மூச்சு வாங்கிப் படுத்துவிட்டார். இந்த வேலையும் போனால் எங்கள் வீட்டில் உலை வைக்க வேறு வழி இல்லை.

பெட்டியில் குற்றமில்லை. என்னிடமும் பெரிய குற்றம் இல்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஐஸ் கம்பெனிதான் எமன். ஆபீசுக்கும் அதற்கும் ஒரே டிரான்ஸ்ஃபார்மர். அங்கே மோட்டார் கிளம்பினால் இங்கே டியூப் லைட் கண்ணை மூடும், ஸ்டெபிலைசர் டக்கென்று அணையும், பெட்டி செத்துப்போகும். சிஸ்டம் ஏறிக்கொண்டிருக்கும்போது பெட்டி அணைந்தால் பாதியில் விட்ட இடத்திலிருந்து தொடர முடியாது. முதல் ஃபிளாப்பியிலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டும். முழுக்க ஏறிவிட்டால் பிறகு அணைந்தாலும் கவலையில்லை, சுவிட்சைப் போட்டால் எழுந்துகொள்ளும். அதிலும் முதலில் அது உள்ளே இருக்கிற டிஸ்க்கை மூலை முடுக்கெல்லாம் துழாவிப் பார்க்கும். அதற்கே இரண்டு மூன்று மணி நேரம் போய்விடும். அந்தப் பெட்டியின் முன்னால் உட்கார்ந்து நான் எத்தனை தடவை தலையில் அடித்துக்கொண்டேன் என்று அந்தச் சுவருக்குத்தான் தெரியும்.

ராத்திரியில் செய்யக்கூடாதா என்று மெட்ராஸிலிருந்து கேட்டார்கள். ராத்திரியில்தான் ஐஸ் கம்பெனி இன்னும் மும்முரமாக ஓடும், விடியற்காலையில் படகுகளுக்கு ஐஸ் வேண்டும் என்று சொன்னேன். அவர்களுக்குப் புரிந்ததாகத் தெரியவில்லை.

ஐஸ் கம்பெனி முதலாளியிடமே போய் நின்றேன். நல்ல மனுஷர். டீ வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் பேசினார்.

"நான் ஒரு நாள் நிறுத்தினா மீனு நாறிடும்பா. உன் பொட்டி நாறுமா? சொல்லு."

டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

பிறகு ஒரு நாள், மேலத் தெருவில் ஒரு பெரியவர் தவறிப்போனார். எங்கள் குப்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. பிணம் வீட்டில் கிடக்கும்போது யாரும் வலையைத் தொட மாட்டார்கள், ஒரு படகும் தண்ணீரில் இறங்காது. ஐஸ் கம்பெனியில் வேலை செய்கிறவர்களும் எங்கள் ஆட்கள்தான். அவர்களும் வேலைக்குப் போக மாட்டார்கள். ஐஸ் கட்டிகள் உப்புத் தண்ணீர்த் தொட்டிக்குள் கிடப்பதால் ஒரு நாள் தாங்கும் என்று முதலாளியும் கண்டுகொள்ள மாட்டார். அன்று காலை ஆபீசில் லைட்டைப் போட்டேன். நம்பினால் நம்புங்கள், அது அசையவே இல்லை.

ஃபிளாப்பிகளை ஒவ்வொன்றாகக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டே இருந்தது. மத்தியானம் தாண்டியது. கடைசியாக நாலைந்துதான் பாக்கி. அதற்குள் அடக்கம் முடிந்து ஆட்கள் குளித்துவிட்டு நேராக வேலைக்குத் திரும்பிவிட்டார்கள். மோட்டார் உறுமியது. பெட்டி அணைந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது, பொய் சொல்லவில்லை.

பக்கத்து மேஜையில் இருந்த செக்ரெட்டரி பாய் எழுந்து வந்து தோளைத் தொட்டார். பழவேற்காட்டில் பழைய வியாபாரக் குடும்பம் அவருடையது. வயதானவர். இங்கிலீஷ் நன்றாகப் படிப்பார், ஆனால் அந்தப் பெட்டியைக் கண்டால் அவருக்கு அப்படி ஒரு பயம். தூசி தட்டக்கூடக் கிட்டே போக மாட்டார்.

"பேஜாரா போச்சே தம்பி. காத்தால இன்னும் சீக்கிரம் ஆரம்பிச்சிருந்தா முடிஞ்சிருக்கும்ல?"

"முடிஞ்சிருக்கும் பாய்."

வீட்டுக்குப் போய் நைனாவிடம் சொன்னேன். தினமும் அவர் கேட்கிற ஒரே கேள்வி அதுதான், பெட்டி எழுந்துகொண்டதா என்று. முழுக்கக் கேட்டுவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார்.

"அப்போ எவனாவது மண்டையப் போட்டாத்தான் உன் பொட்டிக்கு கரண்டுனு சொல்லு."

"இன்னா பேச்சு பேசற நைனா நீ."

"உள்ளதத்தாண்டா சொல்றேன்." சிரிப்பு இருமலாகி, அம்மா சுடுதண்ணீர் கொண்டுவரும்வரை நிற்கவில்லை.

எனக்குக் கோபம். விளையாட்டுக்குக்கூட அப்படிச் சொல்வார்களா? ஆனால் மாசக் கடைசி நெருங்க நெருங்க, காலையில் கண் விழித்ததும் கடற்கரைப் பக்கம் சத்தம் கேட்கிறதா என்று காது தானாகப் போகும். என்ஜின் சத்தம் கேட்டால் இன்றைக்கும் ஊர் நன்றாக இருக்கிறது, நமக்குத்தான் நாள் போச்சு என்று அர்த்தம். நான் யார் சாவுக்கும் வேண்டிக்கொள்ளவில்லை. சத்தியமாக இல்லை. ஆனால் அப்படிக் காது கொடுத்துப் படுத்திருப்பது எவ்வளவு கேவலமாக இருக்கும் என்று யாரிடம் சொல்வது.

ஆபீசர் வருவதற்கு முந்தின நாள், விடிகிற நேரத்தில், நைனா போய்விட்டார்.

மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது, நான் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன், நின்றுவிட்டது. அவ்வளவுதான். அம்மா அலறியதில் தெரு கூடியது. கொஞ்ச நேரத்தில் கடற்கரைப் பக்கமிருந்து ஆட்கள் வரிசையாக வந்தார்கள். இறக்கிய படகுகளைத் திரும்ப மேலே இழுத்துப் போட்டுவிட்டு வந்திருந்தார்கள். ஐஸ் கம்பெனி ஆட்களும் வந்து பந்தல் கால் நட்டார்கள். ஊரில் ஒரு மோட்டார் சத்தம் இல்லை. எனக்கு அது உறைத்தபோது, பாடையில் என்னையும் சேர்த்துக் கட்டிவிட்டால் தேவலை என்றிருந்தது.

ஒரே பிள்ளை நான். உடம்பை எடுக்கும்வரை அந்த இடத்தை விட்டு நகரக்கூடாது. எடுத்த பிறகு காரியம் முடிகிறவரை வேலைக்குப் போகக்கூடாது.

செக்ரெட்டரி பாய் மாலையோடு வந்தார். நைனாவின் காலடியில் மாலையை வைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு, கேட்கவே கூச்சப்படுகிறவர் போல், என் காதோரம் குனிந்தார்.

"தப்பா நெனச்சிக்காத தம்பி. ஆபீஸ்ல கரண்டு நல்லா நிக்குது. நான் போய் அந்தத் தகடெல்லாம் ஒன்னொன்னா போடட்டா? அது இன்னா கேக்குதோ உன்னான்ட வந்து சொல்றேன். நீ சொல்றத நான் அடிக்கறேன்."

நான் தலையை ஆட்டினேன். வேறென்ன செய்வது.

அவர் போனார். கொஞ்ச நேரத்தில் வியர்த்து வடிந்துகொண்டு வந்தார். திரையில் வந்ததை மறந்துவிடாமல் இருக்க உள்ளங்கையில் பால்பேனாவால் எழுதிக்கொண்டு வந்திருந்தார். என்னிடம் கையை விரித்துக் காட்டினார். உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துபோகும், சம்மதமா என்று கேட்டிருந்தது.

"ஆமானு அடிங்க பாய்."

திரும்ப ஓடினார். மறுபடி வந்தார். எத்தனையாவது தகடு என்று குழம்பிவிட்டாராம். மறுபடி வந்தார், இப்போது மூன்று கேள்விகள். பெண்கள் மாரடித்து அழுகிறார்கள், நடுவில் நான் ஒரு கிழவரின் உள்ளங்கையைப் படித்து எந்தப் பொத்தானை அழுத்துவது என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். மாமாவுக்குப் பொறுக்கவில்லை.

"பொணத்த வெச்சிகினு இன்னாடா ஆபீஸ் பேச்சு?"

அம்மா அழுகையை நிறுத்தினாள். "பேசட்டும் வுடு. நேத்து ராவுகூட அவரு அதத்தான் கேட்டுகினு இருந்தாரு."

பாய்க்கு வழி விடச் சொல்லி மாமாவே கூட்டத்தை விலக்கினார்.

நைனாவைக் குளிப்பாட்டிக் கிடத்தியாயிற்று. தூக்கப் போகிற நேரம், பாய் கடைசியாக வந்தார். மூச்சு வாங்கியது. ஆனால் முகத்தில் ஒரு தெளிச்சல் இருந்தது.

"எல்லாத் தகடும் முடிஞ்சிது தம்பி. ஒன்னே ஒன்னுதான் கேக்குது. இது இன்னானு எனக்குப் புரியல."

கையை விரித்தார். எழுத்துகள் ஜோடி ஜோடியாக இருந்தன. எனக்குப் பார்த்ததும் புரிந்துவிட்டது. வருஷம், மாசம், தேதி, மணி, நிமிஷம். தேதியைச் சொன்னால் எழுந்து ஓட ஆரம்பிக்கும்.

வருஷத்தைச் சொன்னேன். எழுதிக்கொண்டார். மாசத்தைச் சொன்னேன். எழுதிக்கொண்டார்.

"தேதி?"

நைனாவின் முகத்தைப் பார்த்தேன். நெற்றியில் காசு ஒட்டியிருந்தது. பாய் பேனாவைப் பிடித்தபடி நின்றார். பிறகு சொன்னேன். நேற்றைய தேதியைச் சொன்னேன்.

அவருக்குத் தெரியாமல் இல்லை. வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு நாள் பார்க்கிற மனுஷர், ஆபீஸ் காலண்டரைத் தினமும் கிழிக்கிறவர் அவர்தான். என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். நான் சொன்ன எண்ணையே உள்ளங்கையில் எழுதிக்கொண்டு போனார். நாங்கள் நைனாவைத் தூக்கினோம்.

மறுநாள் ஆபீசர் வந்தபோது பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு டெர்மினலிலும் எழுத்து வந்தது. திருப்தியாகத் தலையாட்டினார் என்று பாய் பிறகு சொன்னார். தேதி மட்டும் ஒரு நாள் பின்னால் இருக்கிறதே என்று கேட்டாராம்.

"நான்தான் சார் தப்பா அடிச்சிட்டேன். எனக்கு மெஷின் பழக்கமில்ல," என்றாராம் பாய்.

வேலை நிரந்தரமானது. காரியமெல்லாம் முடிந்து, மொட்டைத் தலையோடு நான் ஆபீசுக்குப் போய்ப் பெட்டியின் முன் உட்கார்ந்தேன். தேதியை மாற்றுவது பெரிய வித்தை இல்லை, ஒரே ஒரு வரி. அது அந்தப் புத்தகத்திலேயே இருந்தது. விசைப்பலகை மேல் கையை வைத்தேன். எவ்வளவு நேரம் அப்படியே இருந்தேனோ தெரியாது.

பாய் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். அவ்வளவு பயப்படுகிற பெட்டிக்கு அவ்வளவு கிட்டே.

"இன்னிக்கு வேணாம்பா. நாளைக்கு மாத்திக்கலாம்," என்றார்.

மறுநாளும் அதையேதான் சொன்னார்.