மீன் இல்லாத ஜாடி

திண்டிவனத்துப் பெண்கள் பள்ளி ஒன்றில் எனக்கு அறிவியல் ஆசிரியை வேலை கிடைத்தபோது கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அறுபதுகளின் தொடக்கம் அது. புகுந்த வீடு விழுப்புரத்தில். காலை பாசஞ்சரில் போய் மாலை பாசஞ்சரில் திரும்புவேன். ரயிலில் பாடத்தை மனப்பாடம் செய்துகொண்டு போய் வகுப்பில் ஒப்பிப்பேன். எந்தப் பெண்ணாவது சந்தேகம் கேட்கக் கை தூக்கினால் பார்க்காததுபோல் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

அந்தச் சமயத்தில் விழுப்புரத்தில் பள்ளிகளுக்கான அறிவியல் கண்காட்சி நடக்கப்போவதாகத் தகவல் வந்தது. எங்கள் ஆய்வுக்கூடம் என்பது ஒரு மர பீரோ. அதில் சில சோதனைக் குழாய்களும் ஒரு பூதக்கண்ணாடியும் இருந்தன. அவற்றை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று யோசித்தபோது, கல்லூரியில் பார்த்த ஒரு படம் நினைவுக்கு வந்தது. இறுக மூடிய கண்ணாடிப் பாத்திரத்துக்குள் நீர்ச்செடி, மீன், நத்தை. வெளிச்சம் பட்டால் செடி பிராணவாயுவை வெளிவிடும், மீன் அதைச் சுவாசிக்கும். மீனின் கழிவு செடிக்கு உரம். வெளியிலிருந்து எதுவும் போட வேண்டாம். ஒன்பதாம் வகுப்பில் இதைச் சொன்னதும் பெண்கள் துள்ளினார்கள்.

மிட்டாய்க் கடைக்காரர் மகள் வாயகன்ற கண்ணாடி ஜாடி ஒன்றைக் கொண்டுவந்தாள். மூடியின் விளிம்பை அடைக்க, கிறிஸ்தவப் பெண் ஒருத்தி வீட்டில் எரிந்து மிஞ்சிய மெழுகுவத்தித் துண்டுகளைச் சேர்த்து வந்தாள். ஏரியிலிருந்து வேலம்பாசி என்ற நீர்ச்செடியும் நத்தையும் தண்ணீரும் கெண்டைக் குஞ்சுகளும் எடுத்து வந்தவள் கடைசி பெஞ்சில் உட்காரும் நெட்டைப் பெண். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பயிரிடும் குடும்பம். ஏரிக்கரை வழியாக நடந்துதான் தினமும் பள்ளிக்கு வருவாள். மீன் குஞ்சுகளை வழியெல்லாம் தூக்குச் சட்டியில் நிழல் பார்த்துக் கொண்டுவந்திருந்தாள்.

எல்லாவற்றையும் ஜாடியில் விட்டு, மூடியை மெழுகால் அடைத்துவிட்டுப் போனோம். மறுநாள் காலை எல்லா மீனும் வயிறு மேலாக மிதந்தன.

அன்று ரயிலில் வீடு திரும்பும்போதுதான் காரணம் பிடிபட்டது. இருட்டில் செடி பிராணவாயுவைத் தராது, அதுவும் சுவாசிக்கத்தான் செய்யும். அத்தனை மீனுக்கு அந்த ஜாடி தாங்கவில்லை. மறுநாள் வகுப்பில் இதை விளக்கிவிட்டு, "இந்தத் தடவை ஒரே ஒரு மீன் போதும். நீ கொண்டு வர்றியா?" என்று அந்த நெட்டைப் பெண்ணைக் கேட்டேன்.

எழுந்து நின்றாள். "நான் புடிக்க மாட்டேங்க டீச்சர்."

"ஏன்?"

"அதுவும் செத்துப்போச்சுன்னா? ஏரியில அது பாட்டுக்கு நீஞ்சிக்கினு இருந்துச்சு. மூடியப் போட்டு அடைச்சது நாமதானே."

அவள் துடுக்காகப் பேசவில்லை, கண்ணில் தண்ணீர் நின்றது. "அப்ப என்ன செய்யலாம்? நீயே சொல்லு" என்றேன்.

"மீனு வாணாங்க டீச்சர். பாசியும் நத்தையும் போதும். ஏரித் தண்ணியில தானா என்னா இருக்குதோ, அது பொழைக்கட்டும்."

அப்படியே செய்தோம். புதுத் தண்ணீர், அடியில் கொஞ்சம் ஏரி மண். மெழுகை உருக்கி ஊற்றி மூடியை அடைத்து, வெயில் நேராக விழாத ஜன்னலில் வைத்தோம். முதலில் தண்ணீர் கலங்கலாகத்தான் இருந்தது. கண்காட்சிக்கு இதை எப்படிக் கொண்டுபோவது என்று எனக்குக் கவலை. பிறகு மெல்லத் தெளிந்தது. ஒருநாள் நான் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது ஜன்னலோரத்தில் ஒரே கூச்சல். "டீச்சர், பொடிப்பொடியா என்னமோ ஓடுது! ஜல்தியா வாங்க!"

எள்ளைவிடச் சிறிய வெள்ளைப் புள்ளிகள் தத்தித் தத்தி நீந்தின. பூதக்கண்ணாடியில் பார்த்தால் சிலவற்றுக்கு வாலருகே இரண்டு முட்டைப் பைகள்கூடத் தெரிந்தன. "இதும் பேரு என்னாங்க டீச்சர்?" என்றார்கள். "எனக்கும் தெரியலைம்மா. பார்த்துக்கிட்டே இருப்போம்" என்றேன். அப்படிச் சொன்னதில் எனக்கு மரியாதை குறைந்துவிடவில்லை. அதன்பிறகுதான் அந்தப் பெண்கள் என் பக்கத்தில் வந்து நிற்கவே ஆரம்பித்தார்கள்.

கண்காட்சி நாளன்று நாலு பெண்களோடு ஜாடியை ரயிலில் ஏற்றினேன். மயிலத்தில் ஏறிய மொட்டைத் தலைப் பக்தர் ஒருவர், "ஊறுகாயா பாப்பா?" என்று கேட்டார். நெட்டைப் பெண் விஷயத்தைச் சொன்னதும் தன் ஜன்னலோர இடத்தை ஜாடிக்கு விட்டுக்கொடுத்து, விழுப்புரம் வரை நின்றுகொண்டே வந்தார். வண்டி குலுங்கும்போதெல்லாம் பெட்டியில் இருந்த கைகள் எல்லாம் ஜாடியை நோக்கி நீண்டன. முகம் தெரியாத அந்த மனிதர்களை இன்றைக்கும் நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன்.

கண்காட்சியில் பரிசு தர வந்த அதிகாரி எங்கள் மேஜைக்கு வந்து, "நத்தை சரி, மீன் எங்கம்மா?" என்றார்.

"மீன் இல்லீங்க சார். வெளிச்சத்துக்கு எதிர்ல குனிஞ்சு பாருங்க" என்றாள் நெட்டைப் பெண்.

குனிந்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி குனிந்தார். "இதையெல்லாம் யார் உள்ளே விட்டது?"

"யாரும் உடலீங்க சார். தண்ணியோட வந்து, தானா பெருகிச்சுங்க."

பரிசு, மின்சார மணி செய்துவந்த வேறொரு பள்ளிக்குப் போனது. ஆனால் மூடும் நேரத்தில் அந்த அதிகாரி இன்னொருவரையும் அழைத்துவந்து ஜாடியைக் காட்டினார். பெண்களுக்கு அதுவே போதுமாக இருந்தது.

அவர்கள் மாலை வண்டியில் ஊர் திரும்பினார்கள். கோடை விடுமுறை நெருங்கிவிட்டதால் ஜாடி எங்கள் வீட்டிலேயே தங்கியது. நான் வேலைக்குப் போவதைப் பற்றி என் மாமியார் நல்லதும் பேசமாட்டார், கெட்டதும் பேசமாட்டார். ஜாடியை ஒருநாள் முழுக்கப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இதுங்களுக்குச் சோறு?" என்று கேட்டார்.

"வேணாம் அத்தை. உள்ளேயே எல்லாம் இருக்கு."

அவர் நம்பவில்லை. ஆனால் வெயில் திரும்பத் திரும்ப ஜாடியை நிழலுக்கு நகர்த்தி வைத்தவர் அவர்தான். நத்தை குட்டி போட்டிருப்பதை முதலில் கண்டதும் அவர்தான். அந்தக் கோடையில்தான் நாங்கள் இருவரும் சமையலைத் தவிர வேறு விஷயங்களையும் பேசத் தொடங்கினோம்.

பிறகு பல வருஷம் வேலை பார்த்தேன். பல ஊர்களில் பல ஜாடிகளை அடைத்தேன், எதிலும் மீன் விட்டதில்லை. எனக்குப் பாடம் நடத்தத் தெரிந்தது என்று யாராவது சொன்னால், அன்று எழுந்து நின்று மாட்டேன் என்று சொன்ன அந்தப் பெண்ணுக்குத்தான் அந்தப் பெருமை சேர வேண்டும்.

அந்த முதல் கோடை முடிந்து ஜூனில் பள்ளி திறந்தபோது, "ஒண்டியா எப்படித் தூக்குவ? நானும் வர்றேன்" என்று மாமியார் கிளம்பிவிட்டார். திண்டிவனம் வரை ஜாடியை மடியிலிருந்து இறக்கவில்லை. வகுப்பில் நெட்டைப் பெண் அவருக்கு ஜன்னலோரம் நாற்காலி போட்டாள். குட்டி நத்தைகள் எப்போது வந்தன, எதைத் தின்கின்றன என்று அவள் கேட்க, அவர் சொல்ல, பேச்சு வளர்ந்துகொண்டே போனது. அடுத்த வகுப்புக்கு மணி அடித்தது. நான் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். "நீ போம்மா, எங்களுக்கு இன்னும் பேச்சு இருக்குது" என்றார் என் மாமியார்.